பஞ்சாரத்துக்குள் பிரதிவாதி

அவசரம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதரை நான் தென்காசியில்தான் பார்த்தேன். முன்சீப் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'வாய்தா'. வழக்கைத் தள்ளிவைக்க மனுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கோர்ட்டில் மட்டுமா? கடைவாய்ப் பல் வலித்தபோது டாக்டரிடம் போவதைத் தள்ளித் தள்ளிப் போட்டார். கடைசியில் பல்லே அலுத்துப்போய்த் தானாக விழுந்தது. "பாத்தியா தம்பி, யாரும் கைவைக்காமலே பைசல் ஆயிட்டு" என்று அதை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார்.

நான் அப்போது தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அவர் வீட்டு மச்சில் குடியிருந்தேன். அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கிளி இருந்தது. கிளி என்பது மதினி வளர்த்த சாம்பல் நிறப் பூனை. அந்த வீட்டில் யார் எங்கே உட்காரலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

அண்ணாச்சிக்குப் புளியங்குடியில் ஒரு தம்பி. எலுமிச்சைத் தோட்டமும் பிரம்மச்சரியமுமாகத் தனியே இருந்தவர். பூர்வீக வீட்டைப் பாகம் பிரிப்பதில் இரண்டு பேருக்கும் பல வருஷ வழக்கு. பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வருஷம் ஆனி மாதம், சாரல் தொடங்கின சமயத்தில், தம்பி திடீரென்று இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, தோட்டத்து ஆள் ஒருவன் மூடிக் கட்டின எலுமிச்சைக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு செவலைப் பூனை.

"மொதலாளி வளத்தது. அவுக போனதுலேருந்து பட்டினி கெடக்கு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திங்க வரும்."

"என்ன பேரு?" என்றார் அண்ணாச்சி.

அவன் தரையைப் பார்த்தான். "உங்க பேருதான் அய்யா. சங்கரன்."

அண்ணாச்சியின் சொந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டதே அப்படித்தான்.

"என்னைய ஏசுததுக்காவா அந்தப் பேர வச்சான்?"

"ஆமாய்யா. 'சங்கரா, திருட்டுப்பயலே'ன்னு தெனமும் ஏசுவாக." கூடையை நீட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "மடியில வச்சுக்கிட்டுத்தான் ஏசுவாக."

அண்ணாச்சி கூடையை வாங்கிக்கொண்டார்.

மதினி வாசல்படியிலேயே மறித்தாள். "அந்த வீட்டுக் காத்தே இங்கன அடிக்கக் கூடாதுன்னு இருக்கேன். பூனையக் கொண்டாந்திருக்கீகளே." மாமனார் இறந்த வீட்டில், ஊரே கூடியிருக்கையில், 'குடும்பத்தைப் பிரிக்க வந்தவ' என்று கொழுந்தன் சொன்ன சொல்லை அவள் மறக்கவில்லை. கிளியும் அவள் கட்சிதான். முதுகை வளைத்து, வாலைப் பனங்காய் நார்போலச் சிலிர்க்கவைத்துக்கொண்டு, கூடையைப் பார்த்துச் சீறியது.

"சரி, ரெண்டு கட்சிக்கும் வாய்தா" என்றார் அண்ணாச்சி. செவலையை வழக்குக் கட்டுகள் வைத்திருந்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் பார்த்தவர்கள் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். காலையில் எழுந்ததும் தன் துண்டால் செவலையைத் துடைப்பார். அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கிளி படுக்கிற இடத்தில் விரிப்பார். கிளியைத் துடைத்த துண்டு செவலைக்கு; ஒன்றின் வாடை மற்றதுக்குப் பழக வேண்டுமாம். இரண்டும் முடிந்தபிறகு அதில் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். அவர் பக்கத்தில் உட்காருகிறவர்களெல்லாம் தும்மினார்கள். சாப்பாட்டு நேரத்தில் கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு கிண்ணம் மோர்ச்சோறு, இந்தப்பக்கம் ஒரு கிண்ணம். சீறிக்கொண்டே இரண்டும் தின்னும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டையும் ஒரே அறையில விட்டுருங்க அண்ணாச்சி. ஒரு சண்டை போட்டாச் சரியாயிரும்."

"எங்களையும் அப்படித்தான் விட்டாக" என்றார் அவர். "எங்க அய்யா செத்த பதினாறாம் நாள், ஊர்ப் பெரியவுக என்னையும் தம்பியையும் ஒண்ணா உக்காத்திவச்சு, இன்னைக்கே பேசி முடிச்சிருங்கன்னாக. அன்னைக்கு முடிஞ்சுதுதான் எங்க பேச்சு."

கதவோரத்துக் கிண்ணத்தை எடுத்துவைத்தார்.

"வழக்க நான் ஏன் இழுத்துக்கிட்டே கெடந்தேன்னு ஊர்ல ஆயிரம் சொல்லுதாக. தீர்ப்பாயிட்டா அவன் எதுக்குத் தம்பி தென்காசிக்கு வருவான்? வாய்தான்னா வந்துதான ஆகணும். கோர்ட்டு வாசல் காப்பிக் கடையில அந்த மூலையில அவன் உக்காருவான், இந்த மூலையில நான். மெலிஞ்சிருக்கானா, இருமுதானான்னு ஒரு பார்வை பாத்துக்கிடுவேன்."

நான் மச்சுப்படி ஏறிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவருக்கு யோசனை சொல்லவில்லை.

அடுத்த கட்டத்துக்குப் பஞ்சாரம் வந்தது. கோழியைக் கவிழ்த்து மூடுகிற அந்த மூங்கில் கூடைக்குள் செவலையை வைத்து, நடுக்கூடத்தில் கவிழ்த்தார். கிளி சுற்றிச் சுற்றி வந்து இண்டு இடுக்கெல்லாம் மோந்து பார்க்கும். அந்தச் சமயம் பார்த்து ராயகிரியிலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தார். வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பஞ்சாரம் மெல்ல அவரை நோக்கி நகர்ந்தது.

"சேவலா அண்ணாச்சி?" என்றார் கட்சிக்காரர், காலை மடக்கிக்கொண்டு.

"பிரதிவாதி" என்றார் அண்ணாச்சி.

ஒருநாள் கிளி அந்தப் பஞ்சாரத்தின்மேல் சாய்ந்துகொண்டு தூங்கியது. அன்றைக்கும் அவர் திறந்துவிடவில்லை. மறுநாளும் சாய்ந்து தூங்கினபிறகுதான் பஞ்சாரத்தை எடுத்தார். இரண்டு அறை விழுந்தது, இரண்டும் கிளி கொடுத்ததுதான். செவலை வாங்கிக்கொண்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அப்புறம் ஒன்று இருக்கிற பக்கம் மற்றொன்று பார்க்காது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்.

மதினி மட்டும் இறங்கிவரவில்லை. அவளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. புருஷன் பெயரைச் சொல்லுகிற வழக்கம் அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கிடையாது. மதினி அதில் ஒரு படி மேலே. சங்கரன்கோவிலைக்கூட 'ஆடித்தபசு ஊர்' என்றுதான் சொல்லுவாள். அண்ணாச்சி கோர்ட்டுக்குப் போன பிறகு செவலைக்கு அவள் சோறு வைப்பதை நான் மச்சிலிருந்து பார்த்திருக்கிறேன். கிண்ணத்தைக் காலால் தள்ளிவிட்டு, "சோறு வச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். அது வராது. அவள் அந்தப் பக்கம் நகர்ந்தாலும் வராது. சாயங்காலம் அண்ணாச்சி வந்து, தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வரும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அண்ணாச்சி குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். தொண்டை கட்டிக்கொண்டு காய்ச்சலும் வந்துவிட்டது. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், பக்கத்துத் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேட்டுப் போட்டார்கள். முதல் வேட்டுக்கே செவலை பாய்ந்து தெருவில் இறங்கி ஓடிவிட்டது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வாசலுக்கு வந்து வாயைத் திறந்து பார்த்தார். காற்றுதான் வந்தது.

நான் தெருவில் இறங்கி, "சங்கரா, சங்கரா" என்று கூப்பிட்டேன். இரண்டு வீடுகளிலிருந்து இரண்டு சங்கரன்கள் எட்டிப் பார்த்தார்கள். பூனை வரவில்லை. அண்ணாச்சி துண்டால் தலையை மூடிக்கொண்டு படி இறங்கப் போனார். மதினி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"காய்ச்சலோட நனையாதீக. உள்ள போங்க."

அவர் உள்ளே போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றார். மதினி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெரு நடுவே போய் நின்றாள். கிளி வாசல்படிவரை வந்து உட்கார்ந்தது. மதினி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். முதலில் குரல் எழும்பவில்லை. பிறகு கூப்பிட்டாள்.

"சங்கரா."

எதிர்வீட்டு மாட்டுவண்டிக்கு அடியிலிருந்து செவலை வந்தது. நனைந்து பாதியாகியிருந்தது. இருட்டில் மதினி கவனிக்கவில்லை. அது அவளைத் தாண்டி நேரே படியேறியது. கிளி அதன் காதை மோந்து பார்த்தது; அப்புறம் அந்த ஈரத்தை நக்கத் தொடங்கியது. மதினி இது எதுவும் தெரியாமல், மழையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக இரண்டாம் தடவை கூப்பிட்டாள்.

பூனை வந்துவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் கதவுக்குப் பின்னால், சத்தமே வராத தொண்டையால், அண்ணாச்சி "ம்" என்றார்.