மீசை எடுத்த கிறிஸ்மஸ்

சமையற்கட்டில் அரிசி மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அழகேசனுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்தான். மூச்சை அடக்கினான். மனைவி அடிக்கடி சொல்லும் "மாதாவே"யைக்கூட மனத்துக்குள் சொல்லிப் பார்த்தான். தும்மல் மதம் பார்க்கவில்லை. தகரக் கூரை அதிரும்படி வந்தது.

முன்னறைக் கட்டிலிலிருந்து கிழவரின் குரல் கேட்டது.

"யாரு அது? ஆம்பளைத் தும்மலா இருக்கு?"

அடுப்படியில் அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த அவருடைய மூத்த மகள் ஆரோக்கியம் கையில் அச்சோடு அப்படியே நின்றாள். அவள் தங்கை பிலோமினா, அழகேசனின் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் அந்நேரத்துக்கு வேறு ஆண்கள் இல்லை.

"இன்னாசியா? இன்னாசி வந்துட்டானா?"

"ஆமாப்பா," என்றாள் ஆரோக்கியம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

அது எண்பத்தாறாம் வருட டிசம்பர். மலேசியாவின் கோலாசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர் அந்தக் கிழவர் சவரிமுத்து. ராவாங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிலோமினா அங்கேயே அழகேசனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, மாதா கோயில் வாசலில் நாலு பேர் கேட்க, "அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். மண்டோர் சொன்னால் சொன்னதுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அழகேசன் மனைவியையும் மகள் கங்காவையும் தோட்டத்துச் சந்திவரை கொண்டுவந்து விடுவான். மீரா முகைதீன் கடையில் ஒரு தேத்தண்ணி குடிப்பான். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவான்.

இந்த முறை அடுத்த பஸ் வரவில்லை. பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். நனைந்து நின்றவனை ஆரோக்கியம்தான் குடையோடு வந்து அழைத்துப் போனாள்.

"பின்பக்கமா வாங்க தம்பி. அப்பாவுக்குத்தான் ரெண்டு கண்ணையும் கட்டியிருக்கே."

பெரிய ஆஸ்பத்திரியில் கண் புரைக்கு அறுவை செய்து அனுப்பியிருந்தார்கள். ரத்தக் கொதிப்பு வேறு. கோபப்படக் கூடாது, அழக் கூடாது, தையல் விட்டுப்போனால் பார்வை திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருமகன் வந்தது தெரிந்தால் கோபப்படுவார். கிளந்தானில் ஆசிரியராக இருந்த மகன் இன்னாசி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு வரமுடியாது என்று தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னது தெரிந்தால் அழுவார். அதனால் இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.

"வரச் சொல்லு இங்க," என்றார் சவரிமுத்து.

"நான் என்னக்கா பேசுறது?" என்று அழகேசன் கிசுகிசுத்தான்.

"இன்னாசி அவ்வளவா பேசவே மாட்டான். சும்மா 'ஆமாப்பா' சொல்லிட்டு வந்துருங்க."

கட்டிலருகே போய் நின்றான். பக்கத்தில் மூங்கில் குச்சியும் கலர்த்தாளும் ஒட்டிய நட்சத்திரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பசை வாசனையும் முறுக்கு வாசனையும் ஆலையிலிருந்து வரும் செம்பனை எண்ணெய் வாசனையும் கலந்து அந்த வீடு முழுக்கக் கிறிஸ்மஸாக இருந்தது.

"குரலைக் காணோம்?"

"தொண்டை கட்டிருச்சுப்பா. மழை."

கிழவர் கையை நீட்டி அவன் முகத்தைத் தடவினார். நெற்றி, கன்னம், மூக்கு. அதற்குக் கீழே கை நின்றுவிட்டது.

"இது என்னடா?"

"மீசைப்பா."

"அது தெரியுது. உனக்கு எப்ப மொளைச்சது?"

"வெள்ளம்பா. கடையெல்லாம் சாத்திட்டாங்க. பிளேடு கெடைக்கல."

சவரிமுத்து மீசையின் ஒரு நுனியைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார். அழகேசன் அதைப் பத்தொன்பது வயதிலிருந்து வளர்த்து வந்தான்.

"இது வெள்ளத்துக்கு வளந்த மீசையா?"

"அங்க மழை ரொம்பலா, அப்பா."

"நம்ம குடும்பத்துல மீசை அந்த ராவாங்காரனுக்கு மட்டும்தான். காலையில எடுத்துரு. மீசையோட திருநாள் கொண்டாடாதே."

மறுநாள் காலை, கிறிஸ்மஸுக்கு முந்தின தினம், தோட்டத்து மருந்தக டிரெசர் காளியண்ணன் வழக்கம்போல் கண்ணுக்கு மருந்து போட ஹோண்டா மோட்டார் சைக்கிளில் வந்து எல்லாரையும் வெளியே அனுப்பினார். அந்த நேரத்தில் அழகேசன் வெளியே தண்ணீர்த் தொட்டியருகே கண்ணாடியைச் சாய்த்து வைத்து மீசையை எடுத்தான். கங்கா வந்து பார்த்தாள். வீறிட்டு அழுதாள்.

"இது எங்கப்பா இல்ல. யாரு இந்த மாமா?"

பிலோமினாவும் ஆரோக்கியமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை தாத்தாவிடம் உளறிவிடுவாளோ என்று இரவெல்லாம் பயந்த பயம் தீர்ந்தது.

"மாமாதான் செல்லம். இன்னாசி மாமா," என்றாள் பிலோமினா. அழகேசனுக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை.

மதியத்துக்குள் உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். சுங்கை பஞ்சாங்கிலிருந்து அத்தை குடும்பம் அரிசியோடு லோரியில் வந்தது. கெர்லிங் தாய்மாமன் குடும்பமும் பஸ் ஓடாததால் ஒரு லோரியைப் பிடித்துத் தகரப் பெட்டி நிறையப் பலகாரத்தோடு வந்தது. ஒவ்வொருவரையும் வாசலில் மடக்கி விஷயத்தைச் சொல்வது பிலோமினாவின் வேலை. தாய்மாமனுக்குக் காது மந்தம். என்ன சொன்னாலும் தலையாட்டினார். நேராக உள்ளே போய் அழகேசன் தோளில் தட்டினார்.

"வாங்க மாப்பிள்ளை. ஒரு வழியா வீட்டுக்குள்ள வந்துட்டீங்க."

கட்டிலில் கிழவர் நிமிர்ந்தார்.

"யாரைடா மாப்பிள்ளைங்கிற?"

"இன்னாசியத்தான்ப்பா," என்றாள் ஆரோக்கியம் அவசரமாக. "மாமா தன் பொண்ணை இன்னாசிக்குக் குடுக்கலாம்னு பாக்கிறாரு."

தாய்மாமன் மகள் பலகாரத் தட்டோடு பின்னால் நின்றிருந்தாள். தட்டை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். தாய்மாமன் மனைவிக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் லயத்து வீடுகளில் பாதிப் பேர், கிளந்தானில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னாசிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டு ஜெபம். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன் இன்னாசி.

"இன்னாசி சொல்லட்டும்," என்றார் சவரிமுத்து.

அழகேசனுக்கு ஜெபத்தில் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் தெரியும். நடுவில் நிறைய இருந்தது. பிலோமினா திரைக்குப் பின்னால் நின்று வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகத் திருப்பிச் சொன்னான். பாதிவரை நன்றாகவே போயிற்று. அத்தைகூட முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோழி அடிப்பிடிக்குது, யாராச்சும் இறக்குங்க," என்றாள் பிலோமினா.

"கோழி அடிப்பிடிக்குது, யாராச்சும் இறக்குங்க," என்றான் அழகேசன், அதே உருக்கத்தோடு.

"ஆமென்," என்றார் கெர்லிங் தாய்மாமன்.

சவரிமுத்துவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ஆரோக்கியம் பதறிப் போய் நெஞ்சைத் தடவிவிட்டாள். அவர் இருமலென்று சொல்லித் தண்ணீர் கேட்டார்.

கிறிஸ்மஸ் மதியம். கோழிக்கறியும் சோறும் முடிந்து, வீடெங்கும் பாயில் ஆட்கள் உறங்கிக் கிடந்தார்கள். காசெட் ரேடியோவும் ஓய்ந்திருந்தது. வெளியே மழை விட்டிருந்தது.

"இன்னாசி, காலைக் கொஞ்சம் பிடிச்சு விடு."

அழகேசன் தைலக் குப்பியோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். செம்பனைக் காட்டில் நடந்து நடந்து மரமாகிப்போன பாதங்கள். பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தான்.

"உன் தங்கச்சி புருசன் எப்படிடா ஆளு?"

அழகேசனின் கை நின்றது. நல்லவன் என்று சொன்னால் கிழவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் தையல் போய்விடும். கண்ணைக் காப்பாற்றத் தன்னைத்தானே திட்டுவதைத் தவிர வழி தெரியவில்லை.

"சுமார்தான்ப்பா."

"சுமார்னா?"

"கொஞ்சம் சோம்பேறி. ஞாயித்துக்கிழமைன்னா வெயில் ஏறுற வரைக்கும் தூங்குவான்."

"அப்புறம்?"

"சமையலைக் குறை சொல்வான்."

"அது உண்மை," என்று திரைக்குப் பின்னால் பிலோமினாவின் மெல்லிய குரல் கேட்டது.

"அப்புறம்?"

"நம்ம பிலோமினாவுக்கு ஏத்த ஆளு இல்லப்பா அவன்."

சவரிமுத்து காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நிறுத்துடா. என் மருமகனைப் பத்தி நீ பேசாதே."

"கோவப்படாதீங்கப்பா. தையல்—"

"தையல் கெடக்குது. இத்தனை வருசமா என் பொண்ணு இந்த வீட்டுக்கு வர்றாளே, ஒரு தடவை முகம் வாடி வந்திருக்காளா? ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சந்தி வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு, மீரா முகைதீன் கடையில தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிப் போறானே, எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? பாய் எங்கிட்ட வருசா வருசம் சொல்றாரு. மாப்பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போடக்கூடாதான்னு கேக்கிறாரு."

அழகேசன் தைலக் குப்பியை மூடித் திறந்தான்.

"கோவத்துல ஒரு வார்த்தைய விட்டுட்டேன். ஊரே கேட்டுருச்சு. அதை எந்த வாயால திருப்பி எடுக்கிறது? அவனா ஒரு நாள் வீடேறி வந்துருவான், வந்தா அப்படியே விட்டுறலாம்னு பாத்தேன். மரியாதை தெரிஞ்ச பய, வரவே மாட்டேங்கிறான்."

அழகேசன் குனிந்துகொண்டான். கிழவரின் பாதத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

"என்னடா, சூடா இருக்கு?"

"தைலம்பா."

"நல்ல தைலம்," என்றார் சவரிமுத்து. காலை மறுபடி அவன் மடியில் வைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அழகேசனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கண் நல்லாகட்டும், பிறகு முறையாக வந்து நிற்போம் என்று விழுங்கிக்கொண்டான். தைலம் தீரும்வரை கால் பிடித்தான்.

மறுநாள் காலை சாலையில் தண்ணீர் வடிந்திருந்தது. சவரிமுத்து கங்காவை மடியில் வைத்துக் கொஞ்சி, அழகேசன் தலையில் கைவைத்துச் சிலுவை போட்டு அனுப்பினார். சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மீரா முகைதீன் கடையில் டிரெசர் காளியண்ணன் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அழகேசன் அருகே போனான்.

"டிரெசர், மாமாவுக்குக் கண்கட்டை எப்ப அவுப்பீங்க? அவுத்ததும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. நான் வந்து அவர்கிட்ட ஒரு விசயம் பேசணும்."

காளியண்ணன் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினார்.

"அதைக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாளே அவுத்துட்டேனே தம்பி. பார்வை பளிச்சுன்னு இருக்கு. ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு, 'மருமகன் வீட்டுல இருக்கிற வரைக்கும் இது இருக்கட்டும்'னு அவருதான் மறுபடி கட்டச் சொன்னாரு."