ஈரச் சுவருக்கு எட்டு மதிப்பெண்

அல்ஜியர்ஸ் நகரில் வீடு கிடைக்காமல் யாரும் வருந்தக் கூடாது என்பதில் எங்கள் வீட்டுவசதி அலுவலகத்துக்கு மிகுந்த அக்கறை உண்டு. ஆகவே அது வருத்தத்தை அளக்க ஒரு முறை வகுத்தது. ஈரச் சுவருக்கு எட்டு மதிப்பெண், ஒழுகும் கூரைக்கு ஒன்பது, பொதுக் கழிப்பறைக்குப் பத்து. எழுபது வாங்கியவருக்குக் குறைந்த வாடகையில் அரசு வீடு. அறுபத்தொன்பது வாங்கியவர் வசதியானவர் என்று கருதப்படுவார்.

எங்கள் தெருவில் ஸுபைர் என்ற தபால் குமாஸ்தா, மனைவி நஸீபாவோடும் மூன்று பிள்ளைகளோடும் ஒற்றை அறையில் இருந்தார். மனுப் போட்டுப் பதினோரு வருடம். பிள்ளைகள் முறை வைத்துத்தான் கால் நீட்டித் தூங்கும். ஆய்வாளர் பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்த அன்று ஸுபைர் கூட்டிப் பார்த்தார். எழுபத்திரண்டு. பிள்ளைகளிடம் அரசு வீட்டில் யாருக்கு எந்த மூலை என்று கூடப் பேசி முடித்துவிட்டார்.

ஆனால் வீடு தேடி வருகிறவர் விருந்தாளி அல்லவா? அவர் பூஞ்சைச் சுவரைப் பார்த்தால் மானம் என்னாவது? நஸீபா முந்தின நாளே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தேனில் ஊறிய மக்ரூத் பலகாரம் செய்து, என் வீட்டிலிருந்து பூப்போட்ட காப்பிக் கோப்பைகளை இரவல் வாங்கிப் போனாள்.

ஆய்வாளர் லக்தர் மூன்று மக்ரூத் தின்றார். சுவரைத் தடவினார். படிவத்தில் எட்டு மதிப்பெண்ணை அடித்து நீக்கினார்.

"ஈரம் உள்ள இருக்கு சார்," என்றார் ஸுபைர்.

"உள்ள இருக்கிற ஈரத்துக்குப் படிவத்துல இடமில்ல தம்பி."

ஆக அறுபத்து நான்கு. இன்னும் மோசமான வீட்டுக்குக் குடிபோவதைத் தவிர வழியில்லை என்று ஸுபைர் தெளிந்தார். தரகர் புவலெம் இரண்டு வீடு காட்டினார். முதலாவது மேட்டுத் தெருவில்: இரண்டு அறை, வெயில், ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். மாதம் பதினையாயிரம் தினார். இரண்டாவது பள்ளத்தில்: மூன்று இடத்தில் ஒழுகும் கூரை, ஏழு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. முப்பதாயிரம், ஒரு வருட வாடகை முன்கூட்டியே.

"என்னய்யா தலைகீழா இருக்கு?"

"மேட்டு வீட்டுல என்ன மார்க் கிடைக்கும்? சைபர். இது எழுபத்தெட்டு தேறும். நேத்து ஒரு டாக்டர் வந்து கேட்டுட்டுப் போனாரு."

நஸீபா மேட்டு வீட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. "இங்கேயே இருந்துடலாமேங்க. நமக்குக் கட்டுப்படியாகுதே."

"இங்க வந்துட்டா அரசு வீடு கிடைக்காதே."

"அரசு வீடு எப்படி இருக்கும்?"

ஸுபைர் யோசித்தார். "இந்த மாதிரிதான். கொஞ்சம் சின்னதா இருக்கும்."

பதினோரு வருடம் காத்திருந்ததை வீணாக்க முடியுமா? நஸீபாவின் கல்யாண வளையல்களை விற்று, பள்ளத்து வீட்டுக்குக் குடிபோனார்கள்.

மழைக்காலத்தில் லக்தர் மறுபடி வந்தார். கோப்பைகளைக் கொண்டுபோன நானும் அங்கேதான் இருந்தேன். கூரை மூன்று இடத்திலும் கடமை தவறாமல் ஒழுகியது. எழுபத்தெட்டு என்று நான் மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தபோது, ஒரு சொட்டு லக்தரின் காலணி மேல் தெறித்தது. விருந்தாளி நனையலாமா? நஸீபாவின் கை தன்னால் போய் வாளியை எடுத்து வைத்தது.

லக்தர் எழுதினார்: 'ஒழுகலானது குடியிருப்போரால் திறம்பட நிர்வகிக்கப்பட்டு வருகிறது.' ஒன்பது போயிற்று. அறுபத்தொன்பது.

நஸீபா அழுதுவிட்டாள். லக்தர் காப்பியைக் குடித்து முடித்து, கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்துப் போர்ஷன் காலியாமே தங்கச்சி? என் மனு பதிமூணு வருஷமாக் கிடக்கு. ஆறு மார்க் குறையுது."

நஸீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலிதாண்ணே. நல்லாவே ஒழுகும். ஆனா ஆபீஸ்ல இருந்து பாக்க வந்தா வாளி மட்டும் வெச்சிடாதீங்க."

மேட்டு வீடு இன்னும் பூட்டிக் கிடக்கிறது. வாடகை பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. புவலெம் என்னிடம் கூடக் கேட்டுப் பார்த்தார். எனக்கென்ன பைத்தியமா? போன வாரம்தான் என் கூரையில் நாலு ஓடுகளை நானே பெயர்த்து வைத்திருக்கிறேன்.