அண்ணன் வசம் இருக்கும் வலது பெட்டி

வடசேரி,
சனிக்கிழமை சாயங்காலம்.

மரியாதைக்குரிய அண்ணன் யோவான் அவர்களுக்கு,

தம்பி ஆன்ட்ரூஸ் எழுதுவது. ‘கர்த்தருக்குள் பிரியமான’ என்றுதான் தொடங்க நினைத்தேன். கை வரவில்லை. இங்கே நான், என் மனைவி பிளஸ்ஸி, என் மாமியார் நேசபாய் அம்மாள் மூவரும் தேவகிருபையால் உயிரோடு இருக்கிறோம். தக்கலையில் தங்கள் குடும்பத்தாரும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேச்சுவார்த்தை நின்று பன்னிரண்டு வருஷம் ஆன பிறகு என்ன கடிதம் என்று கேட்பீர்கள். எழுதுவது பேசுவதில் சேராது. போன் என்றால் பாதியில் வைத்துவிடுவீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

இன்று காலை என் வீட்டு வாசலில் நடந்ததற்கு முழுப் பொறுப்பும் தங்களுடையதுதான். எப்படி என்று சொல்கிறேன். அப்பா இறந்து சொத்து பிரித்தபோது அவருடைய தேக்கு ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் சித்தப்பா ஆளுக்கொன்றாகப் பிரித்தார். ரெண்டு மகன், ரெண்டு பெட்டி, கணக்கு சரியாப் போச்சு என்றார். ஜோடி ஸ்பீக்கரைப் பிரிப்பது ஒரு செருப்பை எனக்கும் மறு செருப்பை உங்களுக்கும் தருவதற்குச் சமம் என்று நான் கத்தினேன். தாங்களோ மூத்தவன் என்ற உரிமையில் வலது பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், “இவனுக்கு எதுக்கு பெட்டி? ஒரு பல்பு மாட்டத் தெரியாது, எம்.எஸ்சி. பிசிக்ஸாம்” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இப்போதும் சொல்வேன்.

அதற்காகத்தான் ஆம்ப்ளிபயர் கிட் வாங்கினேன். கடையில் செய்தது வேண்டாம், இந்தக் கையாலேயே செய்து காட்டவேண்டும் என்ற வைராக்கியம். பார்சலில் டிரான்ஸ்பார்மர், போர்டு, பொட்டலம் பொட்டலமாகச் சில்லறைச் சாமான்கள் எல்லாம் இருந்தன. விளக்கத் தாளில் படம் மட்டும்தான், அதுவும் வேறு ஏதோ மாடலின் படம். நான் ஒரு கெப்பாசிட்டரைத் திருப்பி வைத்துவிட்டேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் நான் நடத்துகிற பாடம் அது. சுவிட்சைப் போட்டதும் வெடித்துப் போய் மாமியாரின் காப்பியில் விழுந்தது. “மருமகன் என்னைக் கொல்லப் பாக்காரு” என்று அன்றைக்கே தெருவுக்குச் சொல்லிவிட்டார். புதிது வாங்கக் கடைக்குப் போனால் அங்கிருந்தவன், “சாருக்கு இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்? புளூடூத் பெட்டி ஒண்ணு வாங்கிட்டுப் போவும்” என்கிறான். தலைமையாசிரியர் பதவியைத் தராமல் ஏமாற்றியவர்கள்கூட என்னை இப்படிப் பார்த்ததில்லை.

இன்று காலை அந்த ஆம்ப்ளிபயர் பாடியது. ஆமாம், பாடியது. ஆனால் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். அதன் இரும்புக் கூட்டின்மேல் கையை வைத்தால் இரைச்சல் நிற்கிறது, எடுத்தால் வருகிறது. ஆகவே அப்பாவின் பெட்டியை முன்னறையில் கிடத்தி, அதன்மேல் ஆம்ப்ளிபயரை வைத்து, அதன்மேல் கையை வைத்து, தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். போட்டது நம் சபைப் பாடகர் குழுவின் கிறிஸ்மஸ் பாட்டு கேசட். கல்ஃப் நாட்டிலிருந்து வந்த பெரியம்மா மகன் இரண்டு மைக் வைத்துப் பதிந்தானே, அதுதான். ஆண்கள் முன்னால் ஒரு மைக், பெண்கள் முன்னால் ஒன்று. ஆண்கள் பாகம் இடது பக்கம், பெண்கள் பாகம் வலது பக்கம். அந்தப் பாட்டில் வார்த்தை, ராகம், சந்தோஷம் எல்லாம் பெண்களுக்குத்தான். ஆண்களுக்கு ‘ஓ... ஓ...’ மட்டும். என்னிடம் இருப்பது இடது பெட்டி. அண்ணன் அவர்களே, ஆகஸ்ட் மாதத்தில், வாசல் திறந்து கிடக்க, முன்னறையில் ஒரு நீளப் பெட்டி, அதன்மேல் கை வைத்துத் தலைகுனிந்த ஒரு மனுஷன், உள்ளேயிருந்து பன்னிரண்டு ஆண்கள் ‘ஓ... ஓ...’ என்றால் ஊர் என்ன நினைக்கும்?

முதலில் சபையில் மணி அடிக்கிறவர் வந்து, “சார், மணி அடிச்சிரட்டா?” என்றார். பாட்டு நன்றாக இருப்பதால் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். அவர் கேட்டது சாவு மணி. அடித்ததும் தெருவே வந்துவிட்டது. பந்தல்காரர் ஆறுமுகப்பெருமாள் யாரும் சொல்லாமலே நீல நாற்காலிகளையும் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியையும் வேனில் கொண்டுவந்து இறக்குகிறார். “மாமியாரம்மாவுக்கு நல்ல சாவு சார். அடக்கம் எப்பம்?” சத்தம் கேட்டு நேசபாய் அம்மாள் கையில் காப்பியோடு வெளியே வந்து, “ஏட்டி பிளஸ்ஸி, யாரு செத்தா? எனக்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே” என்று கேட்டதும் கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தார். செத்தது அம்மாள் இல்லை என்றதும் கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. “அப்ப செத்தது யாரு, சார்தானா?” நான் எழுந்து நின்று, நான் இல்லை, இது ஆம்ப்ளிபயர் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கையை எடுத்ததால் இரைச்சல் வேறு.

அப்போதுதான் தாங்கள் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். உங்க தம்பி போயாச்சு என்று எவனோ போன் பண்ணியிருக்கிறான். கையில் மலர் வளையம். ஒரு காலில் உங்க செருப்பு, மறுகாலில் அண்ணியின் செருப்பு. இதுதான் சாவு வீட்டுக்கு வருகிற கோலமா? என் மகள் கல்யாணத்துக்கு வராத கால், நான் செத்தேன் என்றதும் தக்கலையிலிருந்து பறந்து வருகிறது. “ஏலே, நீ இருக்கியா?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினீங்க. கண்ணைத் துடைச்சீங்க. நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள காதைத் திருப்பிக் கேட்டுட்டு, இத்தனை ஜனம் நிற்கும்போது, “ஒரு பக்கம்தானலே பாடுது” என்று சொல்லிட்டு அதே ஆட்டோவுல ஏறிப் போயிட்டீங்க. ஒரு பக்கம்தான் பாடும் ஓய்! மறுபக்கம் உங்க வீட்டுல மணிபிளான்ட் சட்டிக்குக் கீழே இருக்குன்னு உங்க மக பெபிஷாவே சொன்னா. நான் செஞ்சது ரெண்டு பக்கமும் பாடும். நிரூபிக்கப் பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே வலது பெட்டியை உடனே ஏதாவது வண்டியில் ஏற்றி அனுப்பவும். தாங்கள் வரவேண்டாம். தங்கள் முகத்தை இனி நான் பார்ப்பது உண்மையான அடக்கத்தில்தான், யாருடையது என்பதைக் கர்த்தர் தீர்மானிக்கட்டும்.

அண்ணிக்கும் பெபிஷாவுக்கும் சமாதானம் உண்டாவதாக. தங்களுக்கும் உண்டானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஆன்ட்ரூஸ், எம்.எஸ்சி. (பிசிக்ஸ்)

பின்குறிப்பு: கவரை ஒட்டி, இன்று ராத்திரி தக்கலைக்குப் போகிற பந்தல்காரர் வேனில் கொடுத்துவிடும் முன் ஒரு சோதனை செய்தேன். ஒயரை வலது பக்கத்துக்கு மாற்றிக் குத்தினேன். நம்ம அம்மா பாடுகிறாள். முதல் வரிசையில் நின்றிருப்பாள் போல, மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்கிறது. திரும்ப மாற்றினால் அப்பாவின் ‘ஓ’ வருகிறது, அம்மா போய்விடுகிறாள். அவங்க ரெண்டு பேர் குரலும் சேர்ந்து கேட்க உங்க பெட்டி இல்லாம முடியாது. வண்டியில ஏத்தி விட்டா குலுங்கி ஒடஞ்சு போகும், நீங்களே மடியில வச்சுக் கொண்டு வாங்க. நாளைக்குக் கோவில்ல ஆராதனை முடிஞ்சு வந்தா சாப்பாடு இங்கே. இரைச்சல் இன்னும் போகலை, யாராவது ஒருத்தர் கையை வச்சுக்கிட்டே இருக்கணும். முறை போட்டு வச்சுக்கலாம். முதல் முறை நீங்க, மூத்தவர்தானே.