வருதா

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மந்திரமூர்த்தி வீட்டு அடுக்களைக் குழாய் பெருமூச்சு விட்டது.

மூன்று வருஷமாகக் காற்றுக்கூட வராத குழாய் அது. முதலில் நெஞ்சுச் சளிக்காரன் மாதிரி ஓர் இழுப்பு. பிறகு உள்ளே எதுவோ தொண்டையைச் செருமிக்கொண்டது. அப்புறம் செக்கச்செவேலென்று ஒரு சொட்டு தொட்டியில் விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் குடத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். மந்திரமூர்த்தி இரண்டடி பின்வாங்கினார். மூன்றாவது ஜப்பான் பேய்ப்படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அப்போதுதான் காப்பி போட வந்திருந்தார்.

பயந்த சுபாவம் என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருஷம் உதவியாளராக இருந்தவர். அங்கிருந்த எலும்புக்கூட்டுக்குச் சனிக்கிழமைதோறும் தூசி தட்டி, ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டும் வைத்தவர். ஓய்வுபெற்ற அன்று அதற்குக் கை கொடுத்தார். சுண்டுவிரல் கழன்று கையோடு வந்துவிட்டது. அதைக்கூடப் பதறாமல் ஒட்டவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

ஆனால் அந்த எலும்புக்கூடு அவரை ஒருநாளும் காக்கவைத்ததில்லை. ஜப்பான் பேய் அப்படியல்ல. நம் ஊர்ப் பேய் வந்தால் கொலுசு கேட்கும், மல்லிகை மணக்கும், முன்கதை ஒன்று சொல்லும், மிளகாய் வற்றலைச் சுற்றிப்போட்டால் போய்விடும். ஜப்பான் பேய்க்கு அவசரமே கிடையாது. முதலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிறகு ஒரு போன். பிறகு ஈரத் தரை. அப்புறம் முகத்தை மூடிய கூந்தல். ஏன் வந்தாய் என்றால் பதில் சொல்லாது. படம் முடியும்வரை ஒருத்தனும் ஒன்றும் விளக்கமாட்டான்.

இதையெல்லாம் பார்க்கும் நிலைமைக்கு அவர் வந்ததற்கும் அந்தக் குழாய்தான் காரணம்.

வீடு மேலகரத்தில். பக்கத்தில் குற்றாலம். அங்கே தண்ணீர் கேட்பாரற்றுப் பாறையில் விழுந்து கொட்டுகிறது. ஊர் ஊராக வந்து ஜனங்கள் தலையைக் கொடுக்கிறார்கள். மந்திரமூர்த்தியின் மனைவி முத்துலட்சுமி மட்டும் தெருக்கோடி அடிபம்பிலிருந்து குடம் சுமந்தாள். "பிளம்பர் எதுக்கு? நான் சயின்ஸ் லேப்புல இருந்தவன்லா" என்று இவரே குழாயை இணைத்ததிலிருந்து அந்தக் கதி. தெருவெல்லாம் தண்ணீர் வந்தது, இந்த வீட்டைத் தவிர.

நாற்பது நாளைக்கு முன்னால் அவள் குடத்தை வாசலில் நங்கென்று வைத்தாள்.

"இந்தக் குழாயில தண்ணி வாற அன்னைக்குத்தான் நான் இந்த வீட்டுக்கு வருவேன். வந்தாலும், நீங்க வாயத் தொறந்து மன்னிப்பு கேக்காம நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

சுந்தரபாண்டியபுரத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். இவர் போன் செய்தால் எடுப்பதில்லை. சமாதானம் பேச ஆளும் இல்லை. மாமியார் முப்பிடாதியம்மாள் பழைய காலத்து மனுஷி. மருமகனிடம் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. முப்பத்தோரு வருஷமாக, இவர் போனால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து, "காப்பி" என்பாள். "சாப்பாடு" என்பாள். அவ்வளவு மரியாதை.

முத்துலட்சுமி இல்லாத வீட்டில் மந்திரமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. பொழுது போகட்டும் என்று பஸ் ஸ்டாப் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் துல்கர்னைனிடம் படம் கேட்டார். அவன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தவைதான் இந்த ஜப்பான் படங்கள்.

குழாய் இன்னொரு சிவப்புச் சொட்டு விட்டது.

மந்திரமூர்த்தி பெட்டியைத் திறந்தார். ஆய்வகத்திலிருந்து நினைவாகக் கொண்டுவந்த ரப்பர் கார்க்குகளில் ஒன்றைப் பொறுக்கி, குழாய் வாயில் வைத்து, பூரிக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினார். சத்தம் நின்றது. விஞ்ஞானம் வென்றது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை. சாரல் பிடித்துக்கொண்டு மத்தியானமே விளக்கு வைக்கிற மாதிரி இருட்டு. கரண்டும் இல்லை. ரெண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அலோ?"

தூரத்தில் மழை. யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு பெண் குரல், ஒற்றைச் சொல்.

"வருதா."

கட்டாகிவிட்டது.

மந்திரமூர்த்தி செருப்பைக்கூடப் போடாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு துல்கர்னைன் கடைக்கு ஓடினார்.

"வருதான்னா, யாரு வருதா?" என்று கேட்டான் துல்கர்னைன்.

"அதச் சொல்லலய தம்பி. சொன்னாத்தான் பயம் போயிருமே."

"ஜப்பான் பேய்க்குத் தமிழ் எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"நம்ம ஊர்த் தமிழ்லா பேசிச்சு! மெட்ராஸ் பேயின்னா 'வர்றா'ன்னு சொல்லும். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பேயின்னா 'வருன்னு'ன்னு சொல்லும். இது சுத்தமா 'வருதா'ன்னுல்லா சொல்லுது!"

"அப்ப லோக்கல்தான்" என்றான் துல்கர்னைன், முகம் மாறாமல். "ஒண்ணு செய்யுங்க. கொஞ்ச நேரம் இங்கனயே இருங்க. வந்தாலும் வீட்டுல ஆளில்லன்னு போயிரும்."

ஐந்து மணிக்கு மந்திரமூர்த்தி வீடு திரும்பினார். வாசல் கேட்டிலிருந்து கதவுவரை ஈரக் காலடிகள். சின்னப் பாதம். பத்து விரலும் தெளிவாக இருந்தது. திரும்பிப் போன தடத்தைக் காணோம். கதவுக் கொண்டியில் நீளமாக ஒரு தலைமுடி சுற்றியிருந்தது. அவர் தலையில் முடி போய்ப் பதினைந்து வருஷம்.

அன்று கேட்டிலேயே அரைமணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்.

வியாழக்கிழமை எங்கேயும் போவதில்லை என்று தீர்மானித்தார். ஆளில்லாத வீட்டுக்குத்தான் அது பழகிவிடும். ஆள் இருந்தால் கூசும். கதவைத் தாழிட்டு, தாழுக்குப் பின்னால் கிரைண்டரை நகர்த்திவைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ரெண்டே முக்கால். போன்.

மூச்சு. மழை. "இன்னைக்கும் வருதா."

மூன்றே முக்காலுக்கு கேட் கிறீச்சிட்டது.

முன் ஜன்னலில் புள்ளிக் கண்ணாடி. வெளியே இருப்பது நிழலாகத்தான் தெரியும். நிழல் மெல்ல வந்தது. வெளிறிய சேலை. கதவுக்கு நேராக நின்றது. பிறகு இடுப்போடு குனிந்து, தலையை முன்பக்கம் கவிழ்த்தது. கூந்தல் முழுவதும் முகத்துக்கு முன்னால் வந்து விழுந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. நிழல் அதைப் பிடித்து இரண்டு கையாலும் முறுக்கியது.

"யா... யாரது?"

பதில் இல்லை.

"பேரச் சொல்லு! என்ன வேணும்?"

பதிலுக்குக் கதவில் மூன்று தட்டு விழுந்தது. பொறுமையாக, இடைவெளி விட்டு. மந்திரமூர்த்திக்குத் தெரிந்த கந்தசஷ்டிக் கவசத்தில் நாலு வரி மிச்சமிருந்தது. அதைப் பதினோரு தடவை சொன்னார். நிழல் வெகுநேரம் நின்றது. பிறகு கிளம்பியபோது அது விட்ட பெருமூச்சும் குழாய் விட்ட பெருமூச்சும் ஒன்றுபோலவே இருந்ததாக அவருக்குப் பட்டது.

"கேட்டா பதில் சொல்லலய தம்பி, ஒரு வார்த்தை சொல்லல!" என்று துல்கர்னைனிடம் போனில் நடுங்கினார். "இது இங்கனயே தங்கிட்டுன்னு வையி, முத்துலட்சுமி இந்தத் தெருவுக்கே வரமாட்டா. அவ வராம நான் எதுக்கு இருக்கணும்?"

"லோக்கல் பேய்க்கு லோக்கல் வைத்தியம்தான் அண்ணாச்சி. எங்க தெருவுல இந்துக்கார வீட்டுல கட்டிப் பாத்திருக்கேன். வாசல்ல பழைய வெளக்குமாறு, பழைய செருப்பு. ரெண்டயும் சேத்துக் கட்டித் தொங்கவிடுங்க."

வீட்டில் பழஞ்செருப்பு என்று இருந்தது முத்துலட்சுமி விட்டுப்போன நீலவார் செருப்பு ஒன்றுதான். அவர் வேண்டாம் என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, எல்லாம் அவள் வருவதற்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, விளக்குமாற்றோடு சேர்த்து, தலை இடிக்கிற உயரத்தில் வாசல் நிலையில் கட்டினார்.

வெள்ளிக்கிழமை அவரிடம் ஒரு பேச்சும் தயாராக இருந்தது. காலையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தார். ரெண்டே முக்காலுக்குப் போன் வந்தது. "வரு..." என்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ! இந்த வாசப்படிய எவளும் மிதிக்கப்படாது. நான் ஒண்டியா நிம்மதியா இருக்கேன், நடுவுல வந்து கெடுக்காத. வந்தா வெளக்குமாத்தாலதான் பதில். போ, வந்த எடத்துக்கே போ!"

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும். பிறகு "ஐயோ" என்று மெதுவாக ஒரு குரல். கட்டாகிவிட்டது.

பேயையே ஐயோ என்று சொல்லவைத்த முதல் ஆள் தான்தான் என்று மந்திரமூர்த்தி மார்பைத் தட்டிக்கொண்டார். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு ஐந்து மணிவரை கட்டிலில் கிடந்தார்.

எழுந்து போய்ப் பார்த்தபோது விளக்குமாறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. செருப்பைக் காணோம்.

செருப்பு எடுத்துக்கொண்டு போகிற பேயை ஜப்பானில்கூட யாரும் படமெடுத்ததில்லை. அவருக்கு ஜுரம் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அபூர்வமாக வெயில் எட்டிப் பார்த்த நேரம், கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் வால்வு திருகுகிற நீளச் சாவி. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஜெஸி. உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"அண்ணாச்சி, வருதா?"

மந்திரமூர்த்தி கட்டிலிலிருந்து விழுந்தார்.

"என்ன அண்ணாச்சி? தண்ணி வருதான்னு கேக்குதேன். அக்கா மனு கொடுத்திருந்தாவ. தோண்டிப் பாத்தா, உங்க பைப்புல வால்வ தலைகீழா மாட்டி வச்சிருக்கு எவனோ ஒரு மடையன்! சரிபண்ணி செவ்வாக்கிழமையே திறந்துட்டேன். முதல்ல துரு கலந்து செவப்பா வரும், பயந்திராதீங்க."

தரையில் கிடந்தபடியே மந்திரமூர்த்தி அவளைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"வருதா... தண்ணி வருதா! கேள்வியாம்மா அது? நான் சேதின்னுல்லா நெனச்சேன்!"

"எது அண்ணாச்சி?"

"போன்ல கேப்பல்லா நீ, வருதா வருதான்னு!"

"ஆமா, வால்வு திறந்தா வீடு வீடாக் கேக்கத்தான் செய்யணும்..."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. காலடி, வால்வுத் தண்ணீரில் நின்ற கால். முடி, இவள் முடி. நிழல், தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வந்த நிழல். செருப்பை நாய் தூக்கியிருக்கும். அடுக்களைக்கு ஓடிக் கார்க்கைப் பிடுங்கினார். குழாய் ஒருமுறை செருமிவிட்டு, ஐந்தருவியின் ஓர் அருவியைப் போலக் கொட்டியது. முகத்தைக் கொடுத்தார். தலையைக் கொடுத்தார். அறுபது வயசு மனுஷன் அழுதுகொண்டே சிரித்தார்.

"இப்பவே முத்துலட்சுமிக்குச் சொல்லணும். காலுல விழுந்துகூடக் கேப்பேன் மன்னிப்பு. சாயங்காலத்துக்குள்ள வந்துருவா, பாரு!"

விளக்குமாற்றை அவிழ்த்து வீசினார். கை துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனார்.

அது தானாக அடித்தது.

அதே நம்பர்.

மந்திரமூர்த்தி ஜெஸியைப் பார்த்தார். ஜெஸி எதிரே நின்றாள். அவள் ஒரு கையில் வால்வுச் சாவி. இன்னொரு கை இடுப்பில்.

"ஜெஸி... உன் போன் எங்க?"

"சார்ஜ் இல்ல, டேங்க் ரூம்ல கெடக்கு. ஏன் அண்ணாச்சி, பேயடிச்ச மாதிரி நிக்கீங்க? குடுங்க இங்க."

வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள். "அலோ! யாரு பேசுதது?"

அந்தப் பக்கம் மூச்சு உள்ளே இழுபட்டது. பெண்பிள்ளைக் குரல் கேட்டதும் அங்கே ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. முப்பத்தோரு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் நின்ற குரல் முதல் தடவையாக முழு வாக்கியத்தில் பேசியது.

"சுந்தரபாண்டியபுரத்துல இருந்து முத்துலட்சுமிக்கு அம்மை பேசுதேன், குழாயில தண்ணி தெறந்தாச்சுன்னு சேதி வந்ததும், எம்மவ வருதா, வருதான்னு மூணு நாளும் மருமவன் காதுல போட்டுட்டுத்தான் அவள மழையில அனுப்புனேன், 'வராத'ன்னு அவர் ஏன் ஏசினாருன்னு இப்பல்லா வெளங்குது... நீ யாருட்டி?"