பீச்சாங்கை சார்

திண்டுக்கல் வட்டாரத்தில் இடது கையை நீட்டியே ஊர்ப் பகை முழுவதையும் சம்பாதித்த மனிதர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், வெளியில் சாரணர் இயக்கத்தின் மாவட்டச் செயலாளர். ஊர் வைத்த பெயர் பீச்சாங்கை சார்.

சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். "இதயம் இருக்குற பக்கம் சார்" என்பார். சரி, அதைச் சாரணர்களோடு நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே? மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அதே கையை நீட்டினார். அந்தச் சம்பந்தம் காபியோடு முடிந்தது.

காகிதத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஆணையர் உண்டு, பொருளாளர் உண்டு, பயிற்சிக்கென்று தனி ஆள் உண்டு. கொடியேற்றும் நாளில் மட்டும் கழுத்தில் ஸ்கார்ஃபோடு காட்சி தருவார்கள். கூடாரத்தின் கிழிசலைத் தைப்பது, பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளை அணி பிரிப்பது, முகாமுக்கு பஸ் பிடிப்பது, தேர்வு வைப்பது எல்லாம் இவர் தலையில். கணக்கு வாத்தியாரான என்னையும் தலைமையாசிரியர் இதில் பிடித்துத் தள்ளியிருந்தார். நான் கட்டும் கூடாரம் தும்மினால் விழும். "இதுக்குள்ள ஆடுகூடப் படுக்காது சார்" என்று அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

ஒருமுறை முகாம் விருந்துக்குக் கிடா பிடிக்க அய்யலூர் சந்தைக்குப் போனோம். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இவர் எந்தக் கையை உள்ளே விட்டார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

வியாபாரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏலே! விடியக்காலம் மொத யாவாரம், பீச்சாங்கையையா விடுற? விளங்குமாய்யா இது?"

சந்தையே திரும்பிப் பார்த்தது. அன்றைய விருந்து வெறும் சாம்பார்.

போன வருஷம் ஆத்தூர் முகாம் நெருங்கிய நேரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. அந்த முகாமில் தேறினால்தான் பிள்ளைகள் மாநில விருதுத் தேர்வுக்குப் போக முடியும். பள்ளிப் படிப்பை முடிக்கவிருந்த குஜிலியம்பாறைப் பிள்ளைகள் பலருக்கு அதுவே கடைசி வாய்ப்பு. மாவட்டக் குழு கூடியது. "அவரு இல்லாம யாரு பாக்குறது? இந்த வருசம் விட்ருவோம்" என்றார்கள், வடையைத் தின்றுகொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோணிய வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்ட அவர் மனைவி, "டாக்டருக்கும் அந்தக் கையத்தான் நீட்டுறாரு சார். இப்பத்தான் யாரும் தப்பா எடுத்துக்கிறதில்ல" என்று சொல்லி அழுதார்.

அவர் என் இடது கையைப் பிடித்தார். அம்மாடி, என்ன பிடி! "சரி சார், முகாமை நான் நடத்துறேன்" என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

நடத்தினேன். பிள்ளைகளே முளை அடித்தார்கள், அவர் சொல்லிக்கொடுத்தபடி கயிறு கட்டினார்கள். ராத்திரி காற்றடித்தும் எதுவும் அசையவில்லை. தேர்வுக்கு வந்த அத்தனை பேரும் தேறினார்கள். திரும்பும்போது, பஸ்ஸை நேரே அவர் வீட்டுக்கு விடச் சொன்னேன். அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது.

"காலையிலதான் சார்" என்றான் அவர் மகன். "சொன்னா முகாம் பாதியில கலைஞ்சிரும்னு போன் பண்ணல."

துக்கத்துக்குக் கை கொடுக்க ஆண்கள் வரிசையில் நின்றார்கள். முகாம் புழுதியோடு எங்கள் பிள்ளைகளும் போய் நின்று, மகனிடம் இடது கையை நீட்டினார்கள்.

தாய்மாமன் பாய்ந்து வந்தார். "எழவு வீட்டுல பீச்சாங்கையையா நீட்டுறீக? அறிவில்ல?"

"விடுங்க மாமா. அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் இருந்தது அந்தக் கைதான்" என்று மகன் தன் இடது கையை நீட்டினான்.

என் முறை வந்தது. நானும் இடது கையைக் கொடுத்தேன். "ஆத்தூர்ல ஒரு கூடாரமும் சாயலப்பா" என்றேன். அதை அவரிடம் சொல்லத்தான் அவ்வளவு வேகமாக வந்திருந்தேன்.