இரண்டு கிலோ நானூறு

"பதினாலு புள்ளைங்க. மொத்தமா ரெண்டு கிலோ நானூறு கிராம் கொறஞ்சிருக்குது" என்று நோட்டை மேசைமேல் போட்டார் தாளாளர் குமரகுரு. "ஒரே மாசத்துல. இதுக்கு என்னங்க மாஸ்டர் பதில் சொல்றீங்க?"

இனியனுக்குக் காது சூடேறியது. இந்த மழலையர் பள்ளியில் கால்பந்து சொல்லிக்கொடுக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எல்லாம் நான்கு வயதுப் பிள்ளைகள். பந்தை உதைக்கச் சொன்னால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்; கோல் போடச் சொன்னால் வலைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களை ஒரே திசையில் ஓடவைப்பதற்குள் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதற்கு இதுவா பரிசு?

"ஓடினா கொஞ்சம் எளைக்கத்தான் செய்வாங்க சார். உடம்பு உறுதியாகும்."

"தம்பி, இருபது வருசமா கோழிப்பண்ணை வெச்சிருக்கேன். மேய உட்டா எளைக்கும், உள்ள வெச்சா ஏறும். எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"இவங்க கோழி இல்லீங்க சார், குழந்தைங்க!"

"அதனாலதான் மாசம் ஒருக்கா எடை போடறேன். கோழிக்குன்னா வாரம் ஒருக்கா."

பரமத்தி சாலையில் எத்தனையோ பள்ளிகள் இருந்தும் பெற்றோர் இங்கே வந்து சேர்ப்பது அந்த எடை அட்டைக்காகத்தான். ஒவ்வொரு மாதமும் பிள்ளை இருநூறு கிராம் ஏறியிருப்பதாக அட்டை வீட்டுக்குப் போகும்.

"அடுத்த சனிக்கிழமை மறுபடியும் எடை போடுவேன். ஏறலைன்னா கால்பந்தை எடுத்துருவேன். அந்த நேரத்துக்கு அபாகஸ்."

அபாகஸ்! இனியன் வெளியே வந்து மைதானத்தைப் பார்த்தான். ஜூன் மாதத்திலிருந்து யாரிடமும் வாய் திறக்காத கயல்விழி, போன செவ்வாய்க்கிழமை அந்தப் புழுதியில் நின்று, "எனக்குக் குடு!" என்று கத்தினாள். உலகத்தில் முதன்முதலாக யாரோ பேசியதுபோல் இருந்தது அவனுக்கு. அந்த இரண்டு சொற்கள் எத்தனை கிராம் இருக்கும்? அதை எழுத அந்த நோட்டில் இடம் இருக்கிறதா?

அந்தக் கோபத்திலேயே ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை முதல் விளையாட்டுக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை.

முதல் நாளே, மூன்றாவது சுற்று ஓடும்போது யுவஸ்ரீ என்ற சிறுமி நின்றாள். சரியாக அந்த நேரத்தில் மேற்பார்வைக்கு வந்த குமரகுருவின் வெள்ளை வேட்டிமேல் இரண்டு முட்டையும் திரும்பி வந்தன. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வாந்தியெடுத்தார்கள்.

மறுநாள் காலையில் யுவஸ்ரீயின் அம்மா நர்மதா வாசலிலேயே காத்திருந்தாள். "ஏனுங்க மாஸ்டர், முட்டையைக் கண்டாலே புள்ளை வீல்னு அழுவறா. எங்க ஊட்டுக்காரரு முட்டை வியாபாரம். ஊடு முழுக்க முட்டை. நாங்க எங்க போயிக் குடியிருக்கறது?"

புதன், வியாழன், வெள்ளி. பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே பயந்தார்கள். சனிக்கிழமை விடிந்ததும் இனியன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். பதினான்கு பேருக்கும் கால்பந்து ஷூவையும், காலில் கட்டும் தடுப்புப் பட்டையையும் மாட்டி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டு, எடை போட அனுப்பினான்.

உள்ளறையில் ஆயா ராமாயி ஒவ்வொரு பிள்ளையாக எடை மிஷினில் ஏற்றி எண்ணைச் சொல்ல, வெளியே உட்கார்ந்து ஆசிரியை மோகனப்பிரியா எழுதிக்கொண்டாள். கூட்டிப் பார்த்தபோது ஏழு கிலோ ஏறியிருந்தது.

குமரகுரு இனியனைக் கட்டிக்கொண்டார். "என்ன தீவனம்... என்ன வெளையாட்டுங்க மாஸ்டர் இது!"

அதோடு விட்டிருக்கலாம். பெற்றோர் வாட்சப் குழுவில், 'கால்பந்தால் ஒரே வாரத்தில் ஏழு கிலோ!' என்று போட்டுவிட்டார். அது பதினாலு பேரும் சேர்ந்து என்பதை எழுத மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளியில் நிற்க இடமில்லை.

"ஏழு கிலோவா? டாக்டர் எறக்கச் சொல்லியிருக்காருங்க! எம் புள்ளையை நாளைக்கே நிறுத்திக்கறேன்" என்றாள் நர்மதா.

"நிச்சயமா எறக்கிடறேங்க" என்றான் இனியன்.

"எம் பையன் குச்சியாட்டம் இருக்கான். அவனுக்குக் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பந்து குடுங்க" என்றாள் அபிநயா என்ற இன்னொரு அம்மா.

"நிச்சயமா ஏத்திடறேங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதெப்படீங்க மாஸ்டர்?" என்று இடுப்பில் கை வைத்தாள் நர்மதா. "ஒரே பந்து. அவிய பையனுக்கு ஏறும், எம் புள்ளைக்கு எறங்குமா?"

இனியன் வெடித்தான்.

"ஏறவும் இல்லை, எறங்கவும் இல்லை! ஷூவோட எடை போட வெச்சேன். ஆமாங்க, ஏமாத்துனேன்! புள்ளைங்க சிரிச்சாங்களா, சேர்ந்து வெளையாடுனாங்களா, விழுந்தவனைக் கை குடுத்துத் தூக்கி உட்டாங்களான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? கயல்விழி பேசுனாளே, அது யாருக்காவது தெரியுமா? கிலோ, கிலோ, கிலோ! நெஞ்சுல ஈரமே இல்லையா உங்களுக்கெல்லாம்?"

குமரகுருவின் முகம் சிவந்துகொண்டே போனது.

"என் பள்ளிக்கூடத்துல, என் மிஷின்லயே ஏமாத்தா? இப்பவே ஷூவைக் கழட்டுங்க. எல்லார்த்து முன்னாடியும் எடை போடுவோம். ஒரு கிராம் கொறஞ்சிருந்தாலும் இந்த நிமிசமே அபாகஸ். ராமாயி, மிஷினைத் தூக்கிட்டு வா!"

ராமாயி நகரவில்லை.

"உன்னைத்தான் சொல்றேன்!"

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே அவள் குமரகுருவையும் இனியனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிஷினு கெட்டு எட்டு மாசமாச்சுங்க சாமி. நீங்க வைவீங்கன்னு புள்ளைங்க மூஞ்சியப் பாத்து நானே ஒரு நம்பரு சொல்லிட்டிருந்தேன்; மாஸ்டரு ஓட உட்டாருன்னு கொறைச்சுச் சொன்னேன், ஷூ மாட்டி உட்டாருன்னு ஏத்திச் சொன்னேன்."