ஏற்காடு ஏரியில் ஒரு கடற்காகம்

போட்டோவுக்குக் கீழே யாரோ கைதட்டல் போட்ட பிறகுதான், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஞானசுந்தரம் அது போய்ச் சேர்ந்த இடத்தைக் கவனித்தார்.

திங்கட்கிழமை காலை ஏழேகால் மணி. நாவல்காடு எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் நின்று, பழம் பறிக்க வந்தவர்களுக்குப் பேர் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு நிமிடம் கிடைத்தது. சேலத்திலிருக்கும் தன் பறவை சிநேகிதன் கிறிஸ்டோவுக்கு ஒரு போட்டோவை அனுப்பினார். அது கிறிஸ்டோவுக்குப் போகவில்லை. எஸ்டேட் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. அந்தக் குழுவில் நாற்பத்தேழு பேர். மேனேஜர் ஜெயபிரகாஷ் அதில் இருந்தார். கோயமுத்தூரில் இருக்கும் முதலாளியம்மாவும், அவர் மகள் தீபிகாவும் இருந்தார்கள்.

போட்டோவில் ஒரு கடற்காகம், படகின் விளிம்பில் ஒயிலாக உட்கார்ந்திருந்தது. வெள்ளை உடம்பு, சாம்பல் முதுகு, சிவந்த அலகு. பறவையில் ஒரு குறையும் இல்லை. அது உட்கார்ந்திருந்த இடம் நாகப்பட்டினம் துறைமுகம் என்பதுதான் குறை. எடுத்தது போன வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை ஞானசுந்தரம் சேலத்து ஆஸ்பத்திரியில், பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட மாமியாரின் கட்டிலருகே இருந்ததாக எஸ்டேட் முழுக்கத் தெரியும்.

‘பறிப்பு முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது’ என்று ஆபீஸ் சுவரில் மேனேஜர் கையெழுத்தோடு நோட்டீஸ் தொங்கியது. கடற்காகங்களோ மார்கழி, தை தாண்டினால் கிளம்பிவிடும். ஞானசுந்தரம் என்ன செய்வார்? மாமியாரைத்தான் படுக்க வைக்க முடிந்தது.

சட்டென்று போட்டோவை அழுத்திப் பிடித்தார். அழி என்று கொடுத்தார். எல்லோருக்குமா, எனக்கு மட்டுமா என்று போன் கேட்டது. பதற்றத்தில் கட்டைவிரல் வழுக்கி ‘எனக்கு மட்டும்’ மேல் விழுந்தது.

இப்போது அந்தப் போட்டோ நாற்பத்தாறு பேரிடம் இருந்தது. அவரிடம் மட்டும் இல்லை.

“ஏனுங்க ரைட்டரய்யா, இது வாத்துங்களா?” என்று வரிசையில் நின்ற ஐயாக்கண்ணு தன் போனை நீட்டினார்.

அவர் பதில் சொல்லுவதற்குள் மேனேஜரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஜெயபிரகாஷ் சாதாரணமாகப் பேசினாலே திட்டுவது போல இருக்கும். ஞானசுந்தரத்தின் கழுத்தில் பைனாகுலரைப் பார்த்தால், “குருவி எண்ணறதுக்கு எஸ்டேட் எதுக்குய்யா?” என்று நாலு பேர் முன்னால் கேட்பார்.

“ரைட்டரே, குரூப்புல ஒரு போட்டோ பாத்தேன்.” குரல் ஏனோ தணிந்திருந்தது. “அது... எங்க எடுத்தது?”

“நம்ம ஏரியிலதானுங்க சார்!” வாய் தானாகச் சொல்லிவிட்டது. “இன்னைக்குக் காலைல. வர்ற வழியில.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“நம்ம ஏரியிலயா?”

“ஆமாங்க சார்.”

“சரி. நம்ம ஏரிதான். மாமியாருக்கு எப்படி இருக்குதுங்க?”

மேனேஜர் அவரிடம் ‘ங்க’ போட்டது பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தெரிந்துபோய்விட்டது, விட்டுப்பிடிக்கிறார் என்று ஞானசுந்தரம் நினைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பத்து மணிக்குக் குழுவில் தீபிகா எழுதினாள். அவள் பறவை ஆராய்ச்சி செய்கிறவள். ‘ஏற்காட்டில் கடற்காகமா! கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரத்தில்! இதுவரை யாருமே பதிவு செய்ததில்லை. நாளைக்கு டீமோடு வருகிறேன், அங்கிள்!’ கூடவே பதினோரு கைதட்டல்.

ஞானசுந்தரம் களத்தை நான்கு முறை சுற்றி வந்தார். காய்ந்துகொண்டிருந்த காப்பியை மிதித்ததற்கு ஐயாக்கண்ணுவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு தீபிகாவுக்குப் போன் செய்தார்.

“பாப்பா, நீங்க வர வேண்டாமுங்க. அது அப்பவே பறந்துபோயிருச்சு.”

“எந்தப் பக்கம் அங்கிள்?”

எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்ல முடியாதே. “வாழவந்திப் பக்கமுங்க. அங்கிருந்து... மாரமங்கலம் போற மாதிரி திரும்புச்சு.”

“அருமை! அப்போ டீமை மூணா பிரிச்சுடறேன்.”

அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது மேசை மேல் ஒரு கூடை கமலா ஆரஞ்சு இருந்தது. மனைவி ரூபி ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள்.

“மேனேஜர் குடுத்து உட்டாருங்க. எங்கம்மா சீக்கிரம் தேறி வரோணுமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்றது? எங்கம்மா ஆத்தூர்ல மூணு வேளையும் கறி திங்குதுன்னா? வாங்கி வெச்சுக்கிட்டேன்.” சுளையை வாயில் போட்டாள். “நாகப்பட்டினம் வரைக்கும் போனீங்க. ஒரு கிலோ எறா வாங்கியாரத் தெரியல. ஒரு காக்காயப் படம் புடிச்சுக்கிட்டு வந்து ஊரையே கூட்டறீங்க.”

“அது காக்கா இல்ல. பழுப்புத்தலைக் கடற்காகம்.”

“பேருலயே காகம் இருக்குதில்ல?”

செவ்வாய்க்கிழமை விடியும்போது ஏரிக்கரையில் பனி மூடிக் கிடந்தது. தீபிகாவும் எட்டுப் பேரும் முக்காலிகளை ஊன்றி, பீரங்கி மாதிரி லென்சுகளைத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பியிருந்தார்கள். தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. ஞானசுந்தரம் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் கரையில் வடக்கே போனார், தெற்கே வந்தார். மேனேஜர் ஜெயபிரகாஷ் யாரும் கூப்பிடாமலே வந்து, மங்கி குல்லாயோடு நின்றிருந்தார்.

தீபிகா லேப்டாப்பில் போட்டோவைப் பெரிதாக்கினாள்.

“அங்கிள், ஒரு சந்தேகம். இந்தக் கயிறு கை தடிமன் இருக்கே. ஏரிப் படகுக்கு இவ்வளவு பெரிய கயிறா? இங்க பாருங்க, ‘அன்னை’ன்னு எழுதியிருக்கு. மீதி எழுத்து பறவைக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு.”

ஞானசுந்தரம் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

“அது இங்கத்திப் படகுதாம்மா. போன மாசம்தான் பேரு எழுதுனாங்க.”

ஞானசுந்தரம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் அவரைப் பார்க்காமல் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியா? வாங்க, அந்தப் படகைப் பாத்துடலாம்” என்று தீபிகா படகுத்துறைக்கு நடந்தாள். அங்கே கட்டியிருந்த எல்லாப் படகிலும் வெறும் நம்பர்தான் இருந்தது. ஒன்றிரண்டுக்கு அன்னத்தின் கழுத்து இருந்தது. அன்னை எதிலும் இல்லை.

“பெயின்ட் அடிக்க அனுப்பிட்டாங்க” என்றார் மேனேஜர்.

“எங்க சார்?”

“சேலத்துக்கு.”

“ஒரு படகையா? கொண்டை ஊசி வளைவுல எறக்கியா?”

“சின்னப் படகும்மா. லாரியில போயிருச்சு.” மேனேஜர் குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எதுக்கு இத்தன சந்தேகம்? சேர்வராயன் மேல சத்தியமாச் சொல்றேன், அந்தப் பறவைய நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

ஞானசுந்தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி மேல் பொய் சத்தியம்! முதலாளியம்மா மகளுக்கு முன்னால் பேர் வாங்க ஒரு மனுஷன் இவ்வளவு தூரம் போவானா? இல்லை, தன்னை நன்றாக மேலே ஏற்றிவிட்டு, கடைசியில் ஏணியை எடுக்கப் பார்க்கிறாரா?

தீபிகாவின் சந்தேகம் போய்விட்டது. மேனேஜரே சத்தியம் செய்திருக்கிறாரே! உற்சாகம் பத்து மடங்காகியது. பறிப்புக்குப் போன ஆட்களையும் பறவை தேட அனுப்பச் சொன்னாள். மேனேஜர் மறுபேச்சு பேசவில்லை. பழுத்த காப்பி செடியிலேயே தொங்க, நாற்பது பேர் வானத்தைப் பார்த்து நடந்தார்கள். இரண்டு பேர் ஓடையில் விழுந்தார்கள்.

வாழவந்தியிலிருந்து முதல் தகவல் வந்தது. சில்வர் ஓக் மரத்து உச்சியில் வெள்ளையாக ஒன்று, அசையாமல் உட்கார்ந்திருக்கிறதாம். ஜீப்பில் அடித்துப் பிடித்துப் போனார்கள். பனிக்குள் முக்கால் மணி நேரம் படம் எடுத்தார்கள். டீமில் ஒருவர் அது தூங்குகிறது என்று மெதுவாகச் சொன்னார். வெயில் வந்ததும் அது உர மூட்டையின் உள்சாக்கு என்று தெரிந்தது.

புதன்கிழமை மாரமங்கலத்திலிருந்து அருக்காணி என்கிற அம்மாள் சொல்லி அனுப்பினாள்: “உங்க பறவை எங்கூட்டுக் கூடைக்கடியிலதான் இருக்குது. வந்து பாருங்க.” போய்க் கூடையைத் தூக்கினால் கொழுத்த வெள்ளை வாத்து ஒன்று வெளியே வந்து, தீபிகாவின் ஷூ லேஸைக் கடித்தது.

“இது வாத்துங்க” என்றார் ஞானசுந்தரம் ஈனஸ்வரத்தில்.

“வாத்துன்னு எனக்குந் தெரியுமுங்க” என்றாள் அருக்காணி. “தண்ணியில இருக்கற வெள்ளப் பறவைய மூணு ஊரு ஆளுக தேடறாங்கன்னு கேள்விப்பட்டேன். தேடறவிய வாத்த நேருல பாத்திருக்காங்களோ என்னமோன்னுதான் கூப்புட்டேன்.”

திரும்பும்போது ஜீப்பில் தீபிகா சொன்னாள்: “பறவை கிடைக்கலைன்னா பரவாயில்ல அங்கிள். போட்டோ இருக்கு, மேனேஜர் பாத்திருக்கார், ரெண்டு சாட்சி போதும். இன்னைக்கே கட்டுரை எழுதி அனுப்பிடறேன். சேர்வராயன் மலையில முதல் கடற்காகம், பதிவு செஞ்சவர் ஞானசுந்தரம். உங்க பேரு என்னைக்கும் நிக்கும்.”

ஞானசுந்தரத்துக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. இருபத்திரண்டு வருஷமாக நோட்டுப் புத்தகத்தில் பறவைக் கணக்கு எழுதி வருகிறவர். சந்தேகம் இருந்தால் ஒரு கதிர்க்குருவியைக்கூட எழுத மாட்டார். மாமியாருக்குக் கல் வரவழைத்தது வேறு. இல்லாத பறவையைப் புத்தகத்தில் ஏற்றுவது வேறு.

எஸ்டேட் வந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

“சார், உண்மையைச் சொல்லிர்றேன். அந்தப் பறவை...”

ஜெயபிரகாஷ் எழுந்து கதவைச் சாத்தினார். கண்ணைச் சுற்றிக் கருவளையம் போட்டிருந்தது. “ஒண்ணும் சொல்லாதீங்க ரைட்டரே. உக்காருங்க. டீ சாப்புடுங்க.”

“இல்லீங்க சார், வெள்ளிக்கிழமை நான்...”

“வெள்ளிக்கிழமை நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க. நான் இங்க களத்துல இருந்தேன். பறவை ஏரியில இருந்துச்சு. அவ்வளவுதானுங்க. உங்களுக்கு வேற ஏதாச்சும் வேணுமா? குவார்ட்டர்ஸ் ஒழுகுதுன்னு போன வருசம் மனு குடுத்தீங்களே, நாளைக்கே ஓடு மாத்திரலாமா?”

இதற்கு மேல் பயமுறுத்த முடியாது. மூன்று தடவை மனு கொடுத்தும் மாறாத ஓடு அது. வேலை போவது உறுதி, அதற்கு முன்னால் ஓடு மாற்றி வழியனுப்புகிறார் என்று ஞானசுந்தரம் முடிவு செய்தார். போகிற வேலை உண்மையைச் சொல்லிவிட்டே போகட்டும்.

வெளியே ஓடினார். சாயங்கால வெயிலில் தீபிகா முக்காலிகளை மடித்துக் கொடுக்க, எஸ்டேட் டிரைவர் சித்தன் ஒவ்வொன்றாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக எல்லோரையும் மலை முழுக்கச் சுமந்தவர் அவர்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“பாப்பா, கட்டுரை எழுத வேண்டாமுங்க.” ஞானசுந்தரத்துக்கு மூச்சு வாங்கியது. “அது நம்ம ஏரி இல்ல. நாகப்பட்டினம் துறைமுகம். மாமியாருக்குக் கல்லும் இல்ல, ஆபரேசனும் இல்ல. பறவை பாக்கத்தான் பொய் சொல்லி லீவு போட்டேன். போட்டோ கை தவறிக் குரூப்புக்கு வந்துருச்சு. நடந்தது இதுதான். எம்மேல என்ன நடவடிக்கைன்னாலும் எடுங்க.”

தீபிகா அவரையே பார்த்தாள். கோபம் வருமென்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடக்கிப் பார்த்து, முடியாமல், ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பறவை பாக்கவா? அதுக்கு மாமியாரையா அங்கிள்? எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே! அந்தக் கயித்தைப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம்தான்.”

ஞானசுந்தரத்துக்கு மூன்று நாளில் முதல் முறையாக மூச்சு முழுதாக உள்ளே போயிற்று. காலும் ஒரு இடத்தில் நின்றது. வேலை போகாது என்று தோன்றியது.

சிரித்துக்கொண்டிருந்த தீபிகா திடீரென்று நிறுத்தினாள்.

“ஒரு நிமிஷம். ஏரிக்குப் பறவையே வரலைன்னா, மேனேஜர் சார் சாமி மேல சத்தியம் பண்ணினாரே! அவர் எதைப் பாத்தார்?”

கடைசி முக்காலியை உள்ளே தள்ளி, ஜீப்பின் பின்கதவைச் சாத்திவிட்டு, சித்தன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அவரும் இதே பறவையத்தானுங்க பாத்தாரு, நாந்தான் நாகப்பட்டினத்துக்கு வண்டி ஓட்டிக் கூட்டிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை ரைட்டரய்யா படகுக்கு அந்தப் பக்கம் படம் புடிச்சுட்டிருந்தாருங்களா, இந்தப் பக்கம் மேனேஜரய்யா பைனாகுலரோட வலைக்கடியில குப்புறப் படுத்துக் கெடந்தாருங்க. ‘ரைட்டரு நம்மளப் பாத்துட்டான்டா சித்தா, அதான் போட்டோவக் குரூப்புல போட்டு மெரட்டறான்’னு பொலம்பி, மூணு நாளா மனுசன் நொம்ப நொந்துபோயிட்டாருங்க.”